கன்ட்ரோல் தூங்கவில்லை

மறுபடியும் விழித்துக்கொண்டிருக்கிறது. தூங்க வேண்டிய டியூப். ஒரு சொட்டு இன்டர்லூகின் அதில் விழவில்லை, என் கையைத் தவிர வேறு எந்தக் கையும் அதைத் தொடவில்லை, தொட விட்டால்தானே. இருந்தும் திரையில் புள்ளிகள் வலப்பக்கம் வலப்பக்கம் என்று நகர்ந்துகொண்டே போகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல். இடது மூலையில் குவிந்து கிடந்தால் அது தூங்குகிறது, வலப்பக்கம் போய்விட்டால் முழித்துக்கொண்டது, அவ்வளவுதான், இதைப் படிக்கத்தான் இத்தனை வருஷப் படிப்பு. ரத்தத்தில் காவலுக்குத் திரிகிற வெள்ளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சொல்லி அனுப்புகிற சேதிக்குப் பெயர் இன்டர்லூகின். யாரோ வந்திருக்கிறான், எழுந்திரு என்கிற சேதி. அந்தச் சேதியை நாமே வெளியிலிருந்து ஊற்றினால், புற்றுக் கட்டியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி படுத்திருக்கும் செல்கள் எழுந்துபோய் அதைத் தாக்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி. ஊற்றிய டியூப் ஒன்று, ஊற்றாத டியூப் ஒன்று. ஊற்றாததுதான் கன்ட்ரோல். அது தூங்கினால்தான் என் மருந்து எழுப்பியது என்று நான் சொல்லிக்கொள்ள முடியும். அதுவே தானாக எழுந்து உட்கார்ந்திருந்தால், ஏம்மா, நீ என்னத்தை எழுப்பினாய் என்று ஆய்விதழ்க்காரர்கள் கேட்காமல் என்ன செய்வார்கள். கேட்டுவிட்டார்கள். கன்ட்ரோல் சரியில்லை, திரும்பச் செய்து காட்டு. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடம் அந்தப் பதிலை என் முன்னால் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். இந்தக் கட்டுரை போனால் என் பட்டமும் போகும், இனி நீட்டிப்பு கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செல்களை ஒவ்வொன்றாக லேசருக்கு முன்னால் ஓட்டி எண்ணுகிற இந்த மிஷின் அறைக்கு ஜன்னல் கிடையாது. லேசருக்கு இருட்டு வேண்டும், மிஷினுக்குக் குளிர் வேண்டும், இடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. வெளியே கோயம்புத்தூரில் மூன்றரை மணி வெயில் அடிக்கிறதா மழை தூறுகிறதா என்றுகூடத் தெரியாது. துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இளநீர் தீர்ந்த பிறகும் விடாமல் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மிஷின் டியூபைக் குடிக்கிறது. குடிக்கட்டும். என் கன்ட்ரோலை யார் கெடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றால், நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். சென்னியப்பன். எங்கள் லேபிலேயே எனக்கு அடுத்தபடியாக வந்தவன், ஈரோட்டுப் பக்கம், வாலிபால் ஆடிய உடம்பு, வாய் திறந்தால் அக்கா அக்கா. அவன் செய்வது வேறொரு இன்டர்லூகின். இரண்டில் எது ஆஸ்பத்திரி நோயாளிகள் வரைக்கும் போகும் என்று மேடம் இந்த மழைக்காலத்துக்குள் முடிவு செய்யப்போகிறார். என் கன்ட்ரோல் விழித்துக்கொண்டால் யாருக்கு லாபம்? வேறு யாருக்கு? என் சோதனை கெட்டுப்போன நாட்களை வரிசையாக மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அவன் இருந்தான். அவன் ஊருக்குப் போயிருந்த நாட்களில் என் செல்கள் குழந்தை மாதிரித் தூங்கின. இதற்கு மேலும் என்ன வேண்டும்? முகத்தைப் பார்த்தாலே போதாதா? கொஞ்ச நாளாக என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. நான் அறைக்குள் நுழைந்தால் எழுந்து வெளியே போகிறான். போன வாரம் அவன் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது, மின்விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தான். என்ன சென்னி, இப்படி வேர்க்குது என்றேன். ஒண்ணுமில்லீங்க்கா, படி ஏறி வந்தேன் என்றான். லிஃப்ட்டில் வந்ததை நான் பார்த்தேன்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று வீட்டில் சொல்வார்கள். கதிர் என்னை சி.பி.ஐ. என்றுதான் கூப்பிடுவார். தக்காளி நிறுக்கிற தராசைக் குனிந்து பார்ப்பேன், பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன், அவர் போனில் பேசும்போது குரல் தாழ்ந்தால் எனக்குக் காது நீளும். கல்யாணமான புதிதில் இதற்காகச் சண்டை வந்தது, இப்போது சிரிப்பு வருகிறது, அவருக்கு. ஆனால் இந்தத் தொழிலில் இதுதான் மூலதனம். நல்ல முடிவு வந்தால் முதலில் நம்பாதே, எங்கே தப்பு என்று தேடு என்று சேர்ந்த அன்றே மேடம் சொன்னார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மருந்து பாட்டிலைச் சந்தேகப்பட்டேன், தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், பிளாஸ்டிக் டியூபில் அழுக்கு ஒட்டியிருக்குமோ என்று கம்பெனியையே மாற்றினேன். ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால் மிஞ்சுவது மனிதன்தான். மனிதனைச் சந்தேகப்படக் கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். சுகமாக இருந்தது. காரணத்துக்கு ஒரு முகம் கிடைத்ததும் எனக்குத் தூக்கமே நன்றாக வந்தது.

அதனால்தான் இந்தத் தடவை பொறி வைத்தேன். எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கு ஆரோக்கியமான ஆளின் ரத்தம் வேண்டும் என்றால் வெளியே எங்கும் போவதில்லை, எங்களில் யாராவது ஒருத்தர் கையை நீட்டுவோம். நீட்டுகிறவர் அன்றைக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு கேன்டீனிலிருந்து முட்டை பஃப்ஸும் மாம்பழ ஜூஸும் வரும், அன்றைக்கு அவரை யாரும் டியூப் கழுவச் சொல்லக் கூடாது. ஆரோக்கியமானவர் என்று கட்டுரையில் கம்பீரமாக எழுதுவோமே, அதற்கு உண்மையான அர்த்தம், அன்றைக்குக் காய்ச்சல் இல்லாமல் லேபுக்கு வந்திருந்தவர் என்பதுதான். பெண்களுக்கு ரத்தம் குறைவு, இன்னொரு பையனுக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம், அதனால் பெரும்பாலும் சென்னியப்பன்தான் மாப்பிள்ளை. அவனுக்கு நரம்பு கயிறு மாதிரி. வழக்கமாக ரத்தம் கொடுத்துவிட்டு அவனே செல்களைப் பிரித்து டியூபில் போட்டுக் கொடுப்பான், அக்கா நீங்க போய் எழுதுங்க என்பான். எவ்வளவு நல்லவன் என்று நினைத்திருக்கிறேன், பிறகு எவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்தேன். நேற்றுக் காலை நானே ஊசி எடுத்தேன். என்னக்கா, நீங்களே எடுக்கறீங்க, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா என்று சிரித்தான். நான் சிரிக்காமல் அவன் முழங்கையில் பஞ்சைத் தேய்த்தேன். கை மெலிந்திருந்தது, நரம்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. டயட்டா என்றேன், ஆமாங்க்கா என்றான். பஃப்ஸைப் பாதி தின்றுவிட்டு வைத்துவிட்டான். குற்றமுள்ள நெஞ்சுக்கு எங்கே சோறு இறங்கும் என்று நினைத்தேன். பிறகு நானே பிரித்தேன், நானே ஊற்றினேன், டியூப்களில் பேர் எழுதாமல் எனக்கு மட்டும் புரிகிற குறிகளைப் போட்டேன். டியூப்களை ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவில் டேப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டேன், ஓட்டுப் பெட்டி அறைக்கு சீல் வைக்கிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு சென்னியப்பன் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இன்றைக்கு வந்து பார்த்தால் டேப் அப்படியே இருக்கிறது, கையெழுத்து பிசகவில்லை. சரி, இன்றைக்கு வழியில்லாமல் போயிருக்கும், கன்ட்ரோல் தூங்கும், அப்புறம் மேடத்திடம் போய் உட்கார்ந்து, பாருங்க, அவன் தொடாத நாளில் எப்படி இருக்கிறது என்று சொல்லலாம் என்று டியூபை மாட்டினேன். அது விழித்துக்கொண்டிருக்கிறது. முன்னைவிட நன்றாக விழித்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் டேப்பைப் பிரித்து ஒட்டினானா? ஹேர் டிரையரில் சூடு காட்டினால் டேப் பிய்யாமல் வரும் என்று எங்கேயோ படித்தேன். ஹேர் டிரையருக்கு அவன் எங்கே போவான்? வேதியியல் லேபில் ஹாட் ஏர் கன் இருக்கிறது. ராத்திரி செக்யூரிட்டி இருக்கிறாரே? செக்யூரிட்டியும் ஈரோட்டுக்காரர். இப்படியே போகிறது மனசு, எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் போகிறது. இல்லை, இன்னொரு டியூப் இருக்கிறது. நேற்றே யாரிடமும் சொல்லாமல் கீழே டிஸ்பென்சரி நர்சிடம் போய் என் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லி வாங்கிவந்து, அதே பாட்டில், அதே தண்ணீர், அதே தட்டு, அதே கதவுக்குள் வைத்திருந்தேன். நாசம் செய்கிறவன் எல்லாவற்றிலும்தானே ஊற்றியிருப்பான், எது யாருடையது என்று சொல்லும் குறி அவனுக்குத் தெரியாதே. மாட்டுகிறேன். மிஷின் உறிஞ்சுகிறது. புள்ளிகள் விழ ஆரம்பிக்கின்றன. இடது மூலை. இடது மூலை. ஒன்றிரண்டு தப்பிப்போய் வலப்பக்கம், மற்றதெல்லாம் இடது மூலையில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, அடித்துப் போட்ட மாதிரித் தூங்குகின்றன. என் ரத்தம். இத்தனை சந்தேகம் பிடித்தவளின் ரத்தத்துக்கு இவ்வளவு நிம்மதியான தூக்கம்.

அப்படியானால் ஊற்றியது யாரும் இல்லை. வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ரத்தம் வரும்போதே விழித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. இதை நினைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதையோ நினைக்கப் பார்த்தேன், சாயங்காலம் வாங்க வேண்டிய கருவேப்பிலை, கதிருக்கு வாங்க வேண்டிய ஹியரிங் எய்டு பேட்டரி, முடியவில்லை. கை தானாக அவனுடைய டியூபின் படத்துக்குத் திரும்பியது. இந்த மிஷினில் நாங்கள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. முதலில் எல்லாச் செல்லும் திரையில் விழும், அதில் நமக்கு வேண்டிய கூட்டத்தைச் சுற்றி மவுசால் ஒரு வேலி போடுவோம். வேலிக்கு உள்ளே இருப்பது கணக்கு. வெளியே இருப்பது குப்பை, செத்த செல், ஒட்டிக்கொண்ட செல், ஏதோ ஒன்று. பழகிய கைக்கு வேலி போடக் கண்ணே வேண்டாம், போன தடவை போட்ட வேலியையே இந்தத் தடவையும் தூக்கி வைத்துவிடுவோம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், நானும்தான். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் இந்த வேலியைச் சந்தேகப்படவில்லை. அதை எடுத்தேன். வேலிக்கு வெளியே மேலே ஓரமாக ஒரு கூட்டம் நிற்கிறது. சிதறலாக இல்லை. நெருக்கமாக, பெரிது பெரிதாக, எல்லாம் ஒரே சாயலில். குப்பை இப்படி ஒழுங்காக நிற்காது. பழைய படங்களைத் திறந்து பார்த்தேன், மார்ச்சில் லேசாக ஒரு தூசு, ஜூலையில் ஒரு விரல் நுனி அளவு, இப்போது இது. இந்த மாதிரிக் கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ரத்தப் புற்று, லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்று நோயாளிகளின் டியூபில் பார்த்திருக்கிறேன். அங்கே பார்க்கும்போது அது அழகான படம், கட்டுரைக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன், என்னிடமே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா என்று இருந்தது. கொடையாளருக்கு உடம்பு சரியில்லை, அதனால் அவருடைய ரத்தத்தில் செய்த சோதனைகளை நீக்கிவிட்டோம் என்று ஒரு வரி எழுதினால் போதும், என் கன்ட்ரோல்கள் எல்லாம் சுத்தம், என் கட்டுரை அச்சேறிவிடும், என் மருந்து நோயாளிகள் வரைக்கும் போய்விடும். ஒரு மூச்சு விடுகிற நேரம் நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகுதான் அந்த ரத்தத்துக்கு ஒரு கை இருப்பது ஞாபகம் வந்தது. நேற்று நான் பஞ்சைத் தேய்த்த கை. நனைந்த சட்டை, தின்னாத பஃப்ஸ், என்னைப் பார்த்ததும் எழுந்து போனது, அது இருமலை அடக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனது. இருமல் சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு, போனில் யாரிடமோ பேசப் போகிறான் என்று நினைத்திருக்கிறேன். கண்ணைப் பார்க்காமல் பேசினான் என்றேனே, அவன் கண் செருகிக்கொண்டிருந்தது, களைப்பு, வெறும் களைப்பு. ஒரு புற்றுநோய் லேபில், காலையிலிருந்து இரவு வரை அதையே பேசுகிறவர்கள் மத்தியில், ஒருத்தன் இளைத்து வேர்த்து இருமிக்கொண்டு நடமாடியிருக்கிறான், நாங்கள் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு ஆரோக்கியமானவன் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். அவனாவது யோசித்திருக்க வேண்டாமா? அவனுக்கும் இதுதானே படிப்பு? ஒருவேளை அவனுக்குத் தெரிந்தேதான், தெரிந்துகொண்டே சொல்லாமல், ஏன், எதற்காக, பார், திரும்பவும் ஆரம்பித்துவிட்டேன். போதும்.

இப்போது என்ன செய்வது? நான் டாக்டர் இல்லை. இது நோயைச் சொல்கிற மிஷின் இல்லை, ஆராய்ச்சிக்கு வாங்கிய மிஷின். கொடுத்த ரத்தத்தில் எதையாவது பார்த்தால் நேரடியாகச் சொல்லக் கூடாது, மேடத்திடம் போ, மேடம் நெறிமுறைக் கமிட்டிக்குப் போவார், கமிட்டி கூடித் தீர்மானிக்கும் என்று விதி. அந்தக் கமிட்டி கடைசியாக எப்போது கூடியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சொல்வதானால் எல்லாம் சொல்ல வேண்டும், ஏன் நேற்று நானே ஊசி எடுத்தேன், ஏன் டேப், ஏன் யாருக்கும் புரியாத குறி. உன்னைத் திருடன் என்று நினைத்தேன், பிடிக்க வைத்த பொறியில் இது விழுந்தது என்று எந்த வாயால் சொல்வது. ஒருவேளை இது வெறும் வைரஸ் காய்ச்சலாக இருந்தால்? சில காய்ச்சலுக்கும் செல்கள் இப்படிப் பெருத்து நிற்கும், படித்திருக்கிறேன். அப்படி இருக்கட்டும், கடவுளே, அப்படியே இருந்துவிடட்டும், என் கன்ட்ரோல் எல்லாம் நாசமாகப் போகட்டும். மார்ச்சிலிருந்து வளர்கிற காய்ச்சலா என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலை வளர்த்தவளே நான்தான். அப்போதுதான் கதவைத் தட்டினான். தட்டுகிற விதத்திலேயே அவன் என்று தெரியும், இரண்டு விரலால், மரியாதையாக. படத்தை மூட மவுசை நகர்த்தினேன், மூடவில்லை. கை வரவில்லை.

கையில் டீ டம்ளரோடு வந்தான். எனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறான். நீங்க மத்தியானம் சாப்பிடவே வரலீங்களே என்றான். டம்ளரை மிஷின் பக்கம் வைக்கக் கூடாது என்பதால் கதவோரம் தரையில் வைத்துவிட்டு நிமிரும்போது ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டான். நான் பார்த்துவிட்டேன். பிறகு திரையைப் பார்த்தான். அவன் பார்வை அந்தக் கூட்டத்தின்மேல் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான், முகம் திரைக்குப் பக்கத்தில் போனது. தொழில் தெரிந்தவன். எனக்கு அரைமணி நேரம் ஆனது அவனுக்கு அரை நிமிஷம் ஆகவில்லை. டியூபின் குறியைப் பார்த்தான், அது அவனுக்குப் புரியாது, புரியக் கூடாது என்றுதானே போட்டேன்.

"ஆஸ்பத்திரி சாம்பிளுங்களாக்கா?" என்றான். "இது லிம்போமா ரத்தத்துல இறங்கின மாதிரி இருக்குதுங்க்கா. பாருங்க, அத்தனையும் ஒரே சாயல். சுத்தி இருக்கற நல்ல செல்லெல்லாங்கூட முழிச்சுட்டு நிக்குது பாருங்க, பாவம், அதுங்களும் சண்டை போட்டுத்தான் பாத்திருக்குதுங்க."

ஆமாம் என்றேன். இன்னும் கைமீறவில்லை என்றுதான் தோன்றுகிறது, இப்போதெல்லாம் இதற்கு நல்ல வைத்தியம் வந்துவிட்டது, ஆனால் தாமதிக்கக் கூடாது என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனான். யாரோ ஒருவருக்காக அவனுக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. நான் மவுசை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். சூடாக இருந்தது. கையை எடுத்துக்கொள்ளாமல், எதற்கு என்று கேட்காமல், திரையையே பார்த்துக்கொண்டு அவன் கேட்டான்.

"அவங்ககிட்டச் சொல்லீட்டாங்களாக்கா?"

"இப்பத்தான் சொல்றேன், சென்னி" என்றேன்.